கடைக்கு வராத பாட்டு

(நமது சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் பாட்டு ஒலிக்கவிடப்பட்டது.)



போன மாதம் இதே இடத்தில் மூட்டுவலியைப் பற்றி டாக்டர் பேசினார். அதற்கு முந்தின மாதம் உயில் எழுதுவது எப்படி என்று ஒரு வக்கீல். இரண்டுக்கும் நாற்காலி போதாமல் கிளப் ஹவுஸிலிருந்து எடுத்து வந்தோம். இன்றைக்குப் பின்வரிசை காலி. அறிவிப்புப் பலகையில் "ஓர் அமெரிக்கப் பாப் பாட்டு" என்று எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்தார். பாட்டைக் கேட்க வந்தவர்களுக்கும் சுண்டலுக்காக வந்தவர்களுக்கும் ஒரே அளவு நன்றி.

இப்போது ஒலித்த பாட்டின் பெயர் 'செப்டம்பர் கேர்ல்ஸ்'. ஆங்கிலத்தில் வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு எழுதியிருப்பார்கள். பாடியது 'பிக் ஸ்டார்' என்ற குழு. 1974 பிப்ரவரியில் 'ரேடியோ சிட்டி' என்ற இசைத்தட்டில் வந்தது. இதற்கு முன் கேட்டவர்கள் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. வெட்கப்பட வேண்டாம். 1974-ல் அமெரிக்காவின் ஏதாவது ஓர் ஊரில் போய் இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் இவ்வளவு கைதான் உயர்ந்திருக்கும்.

எனக்கும் இது ஐந்து வருஷப் பழக்கம்தான். ஊருக்குப் போகும் வழியில் என் மகள் காரில் போட்டாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தோம். "யாரும்மா இது, பெரிய குழுவா?" என்று கேட்டேன். "இல்லப்பா, அப்போ யாரும் வாங்கல" என்றாள். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. முப்பத்தொரு வருஷம் விற்பனைத் துறையில் இருந்தவன் நான். "யாரும் வாங்கல" என்று யாராவது சொன்னால், "சரக்கு கடையில் இருந்ததா?" என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த வகைப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இதை 'பவர் பாப்' என்பார்கள். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967-ல் பயன்படுத்திய சொல். மெட்டு பீட்டில்ஸ் பாட்டுப் போல முதல் முறை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும். கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்து ராக் குழுக்கள் ஒரே பாட்டைப் பதினைந்து நிமிடம் இழுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நமது பொதுக்குழுக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு வகை வந்தால் தேவலாம்.

இடம் மெம்ஃபிஸ். டென்னசி மாநிலத்தில் மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடிய ஊர். கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசைக்குப் பேர்போன 'ஸ்டாக்ஸ்' நிறுவனத்தின் ஊரும் அதுதான். அங்கே ஜான் ஃப்ரை என்பவர் 'ஆர்டெண்ட்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்தார். வேலை முடிந்து கூடம் காலியாக இருக்கும் இரவு நேரங்களில் உள்ளூர்ப் பையன்கள் சிலரை விட்டு, கருவிகளில் பழகச் சொல்வாராம். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் கிறிஸ் பெல். அவர், ஆண்டி ஹம்மல், டிரம்ஸ் வாசிக்கும் ஜோடி ஸ்டீஃபன்ஸ் என்று மூன்று பேர் இருந்த குழுவில் நாலாவதாக வந்து சேர்ந்தவர் அலெக்ஸ் சில்ட்டன்.

சில்ட்டன் புதுமுகம் இல்லை. 1967-ல், பதினாறு வயதில், 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவுக்காக 'தி லெட்டர்' என்ற பாட்டைப் பாடினார். அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது அது. ஐம்பது வயது ஆள் பாடுவது போல ஒரு கரகரத்த குரல். ஆனால் அந்தக் குழுவில் என்ன பாடுவது, எப்படிப் பாடுவது என்பதையெல்லாம் பெரியவர்கள்தான் முடிவு செய்தார்கள். வெறுத்துப்போய் வெளியே வந்து, சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்று ஊர் திரும்பியவருக்குத்தான் இந்த நண்பர்கள் கிடைத்தார்கள்.

குழுவுக்குப் பெயர் வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட் இருந்தது, பெயர் 'பிக் ஸ்டார்'. அதையே வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கடைப் பெயரைப் பாட்டுக் குழுவுக்கு வைப்பது மாதிரி. 1972-ல் வந்த முதல் இசைத்தட்டுக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று பெயர். 'பெரிய நட்சத்திரம்', 'முதலிடத்து இசைத்தட்டு' என்று பெயரிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிட்டார்கள். கடையில்தான் ஒன்றும் வாங்க முடியவில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். ஆர்டெண்டின் இசைத்தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு ஸ்டாக்ஸுடையது. ஸ்டாக்ஸுக்குச் சோல் இசை விற்கும் கடைக்காரர்களையும் அதைப் போடும் வானொலி நிலையங்களையும் நன்றாகத் தெரியும். நாலு வெள்ளைக்காரப் பையன்கள் கிட்டார் வைத்துப் பாடுவதை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பத்திரிகைகளில் விமர்சனம் வந்தது, நன்றாகவே வந்தது. படித்துவிட்டுக் கடைக்குப் போனவனுக்குத் தட்டு கிடைக்கவில்லை.

பிறகு ஸ்டாக்ஸ் ஒரு பெரிய முடிவு எடுத்தது. 'கொலம்பியா' என்ற மாபெரும் நிறுவனத்திடம் விநியோகத்தை ஒப்படைத்தது. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு, அமெரிக்கா முழுவதும் கொலம்பியாவின் கை நீளும். ஆனால் கொலம்பியா தன் ஆட்களை வைத்தே விற்க விரும்பியது. பழைய சுதந்திர விநியோகஸ்தர்களுக்கு இடமில்லை. அவர்கள் கையிலிருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் கடைகளிலிருந்து திரும்பிப் போயின. கொலம்பியாவில் இந்த ஒப்பந்தத்தை முன்னின்று செய்தவர் கிளைவ் டேவிஸ். 1973-ல் அவர் வேலையே போய்விட்டது. அடுத்து வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ் மேல் அக்கறை இல்லை, சண்டைதான் வந்தது. அந்தச் சண்டைக்கு நடுவில் வெளியானது இந்த 'ரேடியோ சிட்டி'. சுமார் 20,000 பிரதிகள் போனதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டில் அது ஒன்றுமே இல்லை. 1975 கடைசியில் ஸ்டாக்ஸே திவாலாகிவிட்டது.

"பாட்டு மக்களுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே வகைப் பாட்டு அதே வருஷங்களில் அமோகமாக விற்றிருக்கிறது. 'ராஸ்ப்பெர்ரீஸ்' குழுவின் 'கோ ஆல் த வே' 1972-ல் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. 'பேட்ஃபிங்கர்' குழுவுக்கு வரிசையாக வெற்றிகள். சந்தை இருந்தது, வாங்குகிறவனும் இருந்தான். இந்தத் தட்டை அவன் கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத விஷயம், சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு சமயம் சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு மூலிகைப் பல்பொடியை விலைக்கு வாங்கியது. ஒரு பெரியவர் வீட்டிலேயே இடித்துச் சலித்து ஆரம்பித்த சரக்கு. நாலைந்து மாவட்டத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வாங்கினதும் எங்கள் முதல் உத்தரவு, பழைய ஸ்டாக்கிஸ்ட்டுகளை நிறுத்து, இனி நம் லைன் வழியாகத்தான் என்பது. எங்கள் விற்பனைப் பையன்கள் பையில் ஏற்கெனவே நாற்பது சரக்கு. பல்பொடி நாற்பத்தொன்றாவது. கடைக்காரரிடம் அதைச் சொல்வதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிடுவார். ஆறு மாதத்தில் விற்பனை விழுந்தது. நான் நேரில் சுற்றிப் பார்க்கப் போனேன். ஒரு கடையில் சொன்னார்: "கேட்டுட்டுத்தான் போறாங்க சார், சரக்குதான் வரல." இன்னொரு கடையிலும் அதையே சொன்னார்கள். திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். அறிக்கையில் நான் எழுதியது, "வாடிக்கையாளரிடம் வரவேற்புக் குறைவு." மேலே இருந்தவர்களுக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது. எனக்கும் அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது.

பல்பொடியை நிறுத்தினார்கள். அந்தப் பெரியவர் போன் செய்தார். "சனங்களுக்குப் பிடிக்காமப் போச்சுங்களா தம்பி?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்றேன்.

சுங்கச்சாவடியில் என் மகள் "யாரும் வாங்கல" என்றபோது எனக்கு இந்த போன்தான் ஞாபகம் வந்தது.

கிறிஸ் பெல்லுக்கும் அது தாங்கவில்லை. முதல் இசைத்தட்டில் உயிரைக் கொடுத்து உழைத்தவர் அவர். அது கண்ணுக்குத் தெரியாமல் போனதும் மனம் உடைந்து, 1972 கடைசியில் குழுவை விட்டே விலகினார். பிற்பாடு குடும்பத்தாரின் உணவகத்தில் வேலை பார்த்தார். 1978-ல் 'ஐ ஆம் த காஸ்மாஸ்' என்று ஒரு தனிப்பாட்டு வெளிவந்தது. அதே வருஷம் டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது இருபத்தேழு.

அவர் போனபின் குழுவே கலைந்த மாதிரிதான். ஆனால் 1973 மே மாதம் மெம்ஃபிஸில் இசைப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு மாநாடு நடந்தது. மீதி மூன்று பேரும் அங்கே வாசித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். எழுதுகிறவர்களை ஆட வைப்பது லேசான காரியம் இல்லை. அந்த உற்சாகத்தில்தான் இரண்டாவது இசைத்தட்டே உருவானது. இன்று நாம் கேட்ட பாட்டு அதில் பிறந்தது.

பாட்டுக்கு வருவோம். ஆரம்பத்தில் கணீரென்று கிட்டார் ஒலிக்கிறதே, அதைக் கேட்டதும் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது எனக்கு. பாட்டில் 'மாண்டோ கிட்டார்' என்று ஒரு வாத்தியமும் வருகிறது. மாண்டலின் அளவுக்குச் சின்னது, பன்னிரண்டு தந்தி, உச்ச ஸ்தாயியில் பேசும். மாண்டலின் என்றதும் நமக்கு சீனிவாஸின் கமகம் காதில் வரும். அந்த நெளிவு இதில் கிடையாது. இது சின்னச் சின்ன மணிகளைக் கொத்தாக அசைப்பது மாதிரி. ஜான் ஃப்ரையின் ஒலிப்பதிவையும் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஒவ்வொரு வாத்தியமும் பாத்திரம் விளக்கி வைத்தாற்போல் பளிச்சென்று தனித்தனியாக நிற்கிறது.

டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீஃபன்ஸ் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. சில்ட்டன் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் இவர் உருட்டுகிறார். பாடுகிறவர் தயங்குகிறார், டிரம்ஸ் தோளில் கை வைத்துத் தள்ளுகிறது. அப்படி ஒரு கூட்டு.

பிறகு அந்தக் குரல். பதினாறு வயதில் கரகரத்த குரலில் பாடினவர், இருபத்திரண்டு வயதில் பையனாகப் பாடுகிறார். குரல் மெலிந்து, உச்சத்தில் லேசாக விரிசல் விடுகிறது. அதை மறைக்கவும் இல்லை. செப்டம்பரில் பிறந்த பெண்கள் ஒரு பக்கம், டிசம்பர் பையன் ஒரு பக்கம். சில்ட்டன் பிறந்ததே டிசம்பர் 28. காதல் கைகூடவில்லை, ஆனாலும் அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல மனசு வரவில்லை. பாட்டின் பொருளே அவ்வளவுதான். மெட்டு சந்தோஷமாக இருக்கிறது, பாடுகிறவன் சந்தோஷமாக இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் நம்மால் இது சோகப் பாட்டா, கொண்டாட்டமா என்று சொல்ல முடியவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டே ஓரமாகக் கண் துடைக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

கிட்டார் தனி ஆவர்த்தனம் நடுவில் வருகிறது, மிகச் சின்னது. இன்னும் கொஞ்சம் வாசிக்கக் கூடாதா என்று நினைக்கும்போதே முடிந்துவிடுகிறது. பாட்டும் அப்படித்தான்.

இப்படி ஒரு பாட்டைச் செய்து கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ஹம்மல் படிப்பை முடிக்கப் போனார், பொறியாளராகி விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஸ்டீஃபன்ஸ் ஆர்டெண்டிலேயே நிர்வாகத்துக்கு வந்தார். சில்ட்டன் 1980-களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நாட்டின் முதலிடத்துப் பாட்டைப் பாடிய ஆள். அவர் அதைப் பெரிய சோகமாகப் பேசிக்கொள்ளவில்லை. பிக் ஸ்டார் பாட்டுகளைப் பற்றி யாராவது உருகினால்கூட, அதெல்லாம் ஒன்றும் பிரமாதம் இல்லை என்கிற தோரணைதான். அது தன்னடக்கமா, ஆறாத கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெரியவரும் பல்பொடியைப் பற்றிப் பிற்பாடு அப்படித்தான் பேசினாராம்.

ஆனால் அந்த 20,000 தட்டுகள் சும்மா இருக்கவில்லை. வைத்திருந்தவன் நண்பனுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். 1978-ல் இங்கிலாந்தில் முதல் இரண்டு இசைத்தட்டுகளையும் சேர்த்து மறுவெளியீடு செய்தார்கள். கேட்ட பையன்களும் பெண்களும் தாங்களே குழு ஆரம்பித்தார்கள். 'ஆர்.ஈ.எம்.' குழுவினர் போகுமிடமெல்லாம் இவர்கள் பெயரைச் சொன்னார்கள். ஸ்காட்லாந்தின் 'டீனேஜ் ஃபேன்கிளப்' பாட்டுகளைக் கேட்டால் பேரன் முகத்தில் தாத்தா ஜாடை. 1987-ல் 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' குழு 'அலெக்ஸ் சில்ட்டன்' என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டு போட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1986-ல் 'பேங்கிள்ஸ்' என்ற பெண்கள் குழு தங்கள் 'டிஃபரண்ட் லைட்' இசைத்தட்டில் 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டைப் பாடிச் சேர்த்தார்கள். 'மேனிக் மண்டே' வந்த அதே தட்டு. பல லட்சம் விற்றது. இந்த முறை சரக்கு கடைக்குப் போனது, பாருங்கள். எழுதியவருக்குச் சேர வேண்டிய பணமும் போக ஆரம்பித்தது. உங்கள் பிள்ளைகள் 'தட் செவண்டீஸ் ஷோ' பார்த்திருந்தால், அதன் தொடக்கப் பாட்டும் பெல்லும் சில்ட்டனும் சேர்ந்து எழுதியதுதான். முதல் இசைத்தட்டில் இருந்தது. 1998-ல் அந்தத் தொடர் வந்தபோது பெல் இறந்து இருபது வருஷம்.

இந்தக் குழுவின் ரசிகர்கள் சிலரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. "உலகம் புரிந்துகொள்ளாத மேதைகள்" என்று அவர்கள் எழுதும்போது ஒரு பெருமிதம் தெரிகிறது, நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. உலகம் புரிந்துகொள்ளாமல் போகவில்லை. உலகத்திடம் கேட்கவே இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது ஒரு தீர்ப்பு. கேட்க வைக்காமலே பிடிக்கவில்லை என்று எழுதினால் அதற்கு வேறு பெயர். எழுதினவன் என்பதால் சொல்கிறேன்.

2010 மார்ச் 17 அன்று சில்ட்டன் மாரடைப்பில் இறந்தார், ஐம்பத்தொன்பது வயது. அந்த வாரமே டெக்சாஸில் ஆஸ்டின் நகர இசை விழாவில் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. நிகழ்ச்சியை ரத்து செய்யவில்லை. ஸ்டீஃபன்ஸும் ஹம்மலும் மேடையேறினார்கள். அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பாடினார்கள். அடுத்த நான்கு மாதத்தில் ஹம்மலும் போய்விட்டார். அந்த நால்வரில் இன்று இருப்பது டிரம்ஸ் வாசித்த ஸ்டீஃபன்ஸ் மட்டும்தான்.

மணி எட்டாகப் போகிறது. எட்டுக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று விதி எழுதிய செயலாளரே கதவருகில் வந்து நிற்கிறார். பாட்டு மூன்று நிமிடத்துக்கும் குறைவு, அதற்குள் முடிந்துவிடும். இந்த முறை பாடுகிறவரை விட்டுவிட்டு, வரிகள் முடியும் இடங்களில் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். பின்வரிசையில் யாராவது அந்த ஃபேனை நிறுத்துங்களேன்.